காந்திமதி தமிழில் மட்டும் வாசிக்கிறாள்

செப்டம்பர் 15, திங்கள்

காலையிலேயே புழுக்கம். காற்று நின்றுவிட்டது. மாவு மில்லைப் பத்து மணிக்கே அடைத்துவிட்டு மகள் மதியைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. வாசிப்புப் பயிற்சி நாள்.

இன்று நடந்த கூத்தை எழுதிவைக்க வேண்டும். மதி பாத்ரூம் போயிருந்தாள். வழக்கமாகப் பயிற்சி கொடுக்கிற மேடம் லீவு. நோயாளி உட்காரும் நாற்காலிக்கு நேர்மேலே ஃபேன். காற்றுக்காக நான் அதில். அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒரு பயிற்சிப் பெண் உள்ளே வந்தது. கல்லூரியில் இருந்து நேரே பஸ் ஏறி வந்த மாதிரி முகம். ஃபைலைத் திறக்கவே இல்லை. ஒரு அட்டையை என் முன்னால் வைத்து, பயப்படாமல் வாசியுங்கள் அங்கிள் என்றது. கூட வந்தவர்களையும் சோதிப்பார்கள் போல என்று நானும் வாசித்தேன்.

அட்டை முழுக்க இங்கிலீஷ் வார்த்தை. பூனை, நாய் எல்லாம் தப்பித்தேன். அப்புறம் கத்திக்கு உள்ள வார்த்தை வந்தது. க்னைஃப் என்றேன். அடுத்தது இஸ்லாண்ட். அடுத்தது என்னவென்று இப்போதும் தெரியாது, ஏதோ சொல்லிவைத்தேன். அந்தப் பெண் முகம் வாடிக்கொண்டே போனது. ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு குறி. கடைசியில் பேனாவை மூடிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தது.

"எத்தனை நாளா அங்கிள் இப்படி இருக்கு?"

"பத்தாம் வகுப்புல இருந்தே இப்படித்தான்மா."

அதையும் எழுதப் போனது. அதற்குள் மதி வந்து வாசலில் நின்று பார்த்தாள். புரிந்துவிட்டது அவளுக்கு. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று. அதற்காக இன்னும் நாலு அட்டை வாசிக்கலாம்.

அப்புறம் நாற்காலி மாறி அவள் உட்கார்ந்தாள். அதே அட்டை. பூனைக்கு உள்ளதை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். வரவில்லை. நாயும் வரவில்லை. எம்.எஸ்ஸி.யில் மெடல் வாங்கின பிள்ளை, இன்று நான் வாங்கின மார்க்கைக்கூட வாங்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஆம்புலன்ஸை எண்ணுகிற மாதிரி நின்றேன். ஒரே ஒரு ஆம்புலன்ஸ்தான் நின்றது.


செப்டம்பர் 16, செவ்வாய்

வெயில். மிளகாய் மெஷின் ரிப்பேர். ஒரே மெஷினில் மிளகாயும் அரிசியும். தும்மல்.

செய்ய வேண்டியது:
மெஷின் பெல்ட்.
மதி மாத்திரை தீரப்போகிறது.
குரங்கு வால் (சங்கரன் அண்ணாச்சியிடம் கேட்க).

வால் விஷயம் இது. போன ஐப்பசியில் மதி ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது கோ. குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். (கோ. என்றால் கோமதி, என் வீட்டுக்காரி. முழுப்பெயரையும் எழுதினால் பின்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.) பிள்ளை எழுந்து உட்கார்ந்தால் அடுத்த தசராவுக்கு வேஷம் கட்டி, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கொண்டுவந்து செலுத்துவதாக. நேர்ந்தது அவள். வேஷம் கட்டுவது நான். எங்கள் வீட்டில் எல்லா வேலையும் இப்படித்தான் பங்கு.

மில்லில் ஒரு அம்மா மிளகாயைக் கொட்டிக்கொண்டே விசாரித்தது. "அண்ணாச்சி, பாப்பாவுக்கு இங்கிலீஷ் மட்டும் மறந்துட்டாமே? போனா போவுது. தமிழ் இருக்குல்லா." பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்த மாதிரி. ஆமா என்று சொல்லி மோட்டாரைப் போட்டுவிட்டேன்.

மறக்கவில்லை. அதை எப்படிச் சொல்லிப் புரியவைக்க? இங்கிலீஷில் பேசினால் மதிக்குப் புரிகிறது. பைய யோசித்து யோசித்துப் பேசவும் செய்கிறாள். எழுதச் சொன்னால் எழுதுகிறாள், அதே பழைய முத்து முத்தான கையெழுத்து. எழுதின தாளைக் கொஞ்சம் கழித்துக் கையில் கொடுத்தால் வாசிக்கத் தெரியவில்லை. "இது நான் எழுதுனதாப்பா?" என்கிறாள். போன ஐப்பசியில் மூளையில் ரத்தம் கட்டினது வாசிப்புக்கு உள்ள இடத்தில். வலது பக்கப் பார்வையும் பாதி போயிற்று. கதவு நிலையில் வலது தோள் இடிக்கும். தட்டில் வலது பக்கம் வைத்த சட்னி அப்படியே இருக்கும், சட்னியே வைக்கவில்லையே என்பாள். இப்போது கோ. எல்லாவற்றையும் இடது பக்கமாக வைக்கிறாள். எங்களுக்கும் அப்படியே வைத்து வைத்து நாங்கள் எல்லோருமே ஒருபக்கம் சாய்ந்து சாப்பிடுகிறோம்.

முதலில் தமிழும் வாசிக்க வரவில்லை. தை மாதம் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் ‘தை’ என்றாள். கோ. அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். அப்புறம் எழுத்து எழுத்தாக, பங்குனி சித்திரையில் கடை போர்டு, ஆனியில் இருந்து பேப்பர். தினமும் சாயங்காலம் நான் மில்லில் இருந்து வந்து குளித்ததும், முன்னறையில் நீல நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். டாக்டர் சொன்ன பயிற்சி. ஒரு செய்திக்குக் கால் மணி நேரம் ஆகும். மாநகராட்சிக் குடிநீர்க் குழாய் உடைந்ததெல்லாம் அவள் வாசித்தால் கதை மாதிரி. அடுத்த வார்த்தை என்ன வருமோ என்று காத்திருக்கணும்.

ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்ததற்கு அப்புறம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து எதையும் வாசித்ததில்லை. அவள் புத்தகம் எனக்குப் புரியாது. அட்டைப் படத்தைப் பார்த்து, நல்ல கனமான புத்தகம் என்று சொல்லுவேன்.

மில்லில் சாயங்காலம் வரை ஆள். மிளகாய்க்கு அப்புறம் அரிசி போட்டால் முதல் பிடி மாவு சிவந்துதான் விழும். அது பழைய சரக்கு. அதைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்த பிடியில் இருந்துதான் பாத்திரத்தில் பிடிப்போம். புது ஆட்களுக்கு இது தெரியாது, என் மாவைத் திருடுகிறீரா என்று சண்டைக்கு வருவார்கள். இன்றைக்கு இரண்டு சண்டை.


செப்டம்பர் 18, வியாழன்

டாக்டரிடம் போனோம். மூணு பேரும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: போகலாமா.

மதிக்கு இங்கிலாந்தில் ஒரு காலேஜில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருந்தது, உதவித்தொகையோடு. புன்னக்காயலில் ஆறு கடலில் சேருகிற இடத்துச் சேற்றில் நிற்கிறதே அலையாத்தி, அந்தச் செடியைப் பற்றி. இந்த வருஷம் ஜனவரியில் போயிருக்க வேண்டியவள். அவர்கள் பெரிய மனசாக ஒரு வருஷம் தள்ளிக்கொடுத்தார்கள். வருகிற ஜனவரிக்கு வருகிறாளா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லணுமாம்.

டாக்டர் சின்ன வயசு. மேஜையில் பிளாஸ்டிக் மூளை, கழற்றி மாட்டுகிற மாதிரி. என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார். "வாசிக்கிறதுக்குன்னு மூளையில பொறக்கும்போதே இடம் கிடையாது சார். முகம், பொருள் இதெல்லாம் அடையாளம் பாக்க வச்சிருக்கிற இடத்துல கொஞ்சத்த எழுத்துக்குன்னு பழக்கி எடுத்துக்கிடுதோம். உங்க மகளுக்கு அங்கனதான் அடி." தமிழை எழுத்துக் கூட்டிச் சத்தம் சத்தமாகப் பிடித்து ஏறிவிடலாமாம், அதுவும் சின்னதிலேயே படிந்தது. இங்கிலீஷில் அந்தப் பிடி பாதி இடத்தில் வழுக்கும், பாதி வார்த்தையைப் பார்த்ததும் முகம் மாதிரி மொத்தமாகத் தெரியணும். அந்த முகம் தெரிகிற இடம்தான் போயிருக்கிறது. எல்லோருக்கும் இப்படி என்று இல்லை, சிலருக்குத் தலைகீழாகவும் நடக்கும், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வந்துவிடும் என்றார். ஏன் இவளுக்கு இப்படி என்று முழுசாகச் சொல்ல யாராலும் முடியாது என்றும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் புரிந்துகொண்டது: கல்யாண வீடு. எல்லோரும் மதியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நேற்று வரைக்கும் பழகினவர்கள். யார் யாரென்று தெரியவில்லை. எனக்கு இங்கிலீஷ் என்றைக்குமே அப்படித்தான், பழகிவிட்டது. அவள் அந்த வீட்டிலேயே வளர்ந்தவள்.

போன் வாசித்துக் காட்டுகிறதே, அதை வைத்துப் படிக்கலாமா என்று மதியே கேட்டாள். கேட்டால் புரிகிறது, ஆனால் ஒரு பக்கம் கேட்டு முடிக்கையில் முதல் வரி நழுவிவிடுகிறது என்றும் அவளே சொன்னாள். டாக்டர் பிளாஸ்டிக் மூளையைத் திரும்ப மாட்டினார். ஒரு துண்டு சரியாக உட்காரவில்லை. "வரலாம். எவ்வளவு, எப்போன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. இந்த ஜனவரிக்குன்னா, நான் போகலாம்னு சொல்ல மாட்டேன்ம்மா." மதி தலையை ஆட்டினாள். கோ. அழுதாள். நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், எழுந்து போய்ச் சரியாக மாட்டிவிடலாமா என்று.

திரும்பும்போது பஸ்ஸில் இடது ஜன்னல் அவளுக்கு. ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. தண்ணீர் பாறை தெரிய ஓடுகிறது. வழி நெடுக போர்டுகளை வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தாள். அல்வாக் கடை, பாத்திரக் கடை, பல் டாக்டர். எல்லாம் தமிழ். இங்கிலீஷ் போர்டு வந்தால் கண் தாண்டிப் போய்விடுகிறது, சுவரைத் தாண்டுகிற மாதிரி.


செப்டம்பர் 20, சனி

மேகமூட்டம், மழை இல்லை. மில் மத்தியானம் வரை.

மூணு மணிக்கு மதி தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தாள். அந்தக் காலேஜுக்குப் பதில். போனில் பேசினாலே அது எழுதிக்கொள்ளும், ஆனால் முதலில் கையால் எழுதிப் பார்க்கணும் என்றாள். நிறுத்தாமல் எழுதினாள். நான் பக்கத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன்.

எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள். "அப்பா, வாசிங்க. சரியா எழுதிருக்கேனான்னு பாக்கணும்."

"ஏட்டி, ஆஸ்பத்திரியில நான் வாசிச்ச லட்சணத்தப் பாத்தியே."

"நீங்க எப்படி வாசிச்சாலும் எனக்குப் புரியும். சின்னதுல இருந்து கேக்கேன்."

வாசித்தேன். கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி. எனக்கு அர்த்தம் பாதி தெரியாது, அவளுக்கு எழுத்து தெரியாது. நான் ஒரு வார்த்தையைக் கொலை செய்து கொடுப்பேன், அவள் கண்ணை மூடிக்கொண்டு அதற்கு உயிர் கொடுத்துச் சரியாகச் சொல்லுவாள். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு ஆள் வாசிக்க முடிகிறது. எட்டு வயசில் என் மடியில் இருந்துகொண்டு, கத்திக்கு உள்ள இங்கிலீஷ் வார்த்தையில் முன்னால் நிற்கிற எழுத்துக்குச் சத்தம் கிடையாது என்று சொல்லிக்கொடுத்தாள். அப்போ எதுக்கு அங்கன நிக்க வச்சிருக்காக என்று கேட்டேன். சும்மா நிக்கும்ப்பா என்றாள். அவள் பட்டம் வாங்கின அன்றைக்கு அந்தப் பெரிய ஹாலில் வெள்ளை வேட்டியோடு நான் நின்றது அப்படித்தான்.

பாதிக்கு மேல் வந்ததும் ஒரு வார்த்தை, எனக்கே தெரிந்தது. எல்லாக் கவுண்டரிலும் சொல்லுகிறார்களே. சாரி. அங்கே என் வாய் நின்றுவிட்டது. அதுவரைக்கும் என்ன கடுதாசி வாசிக்கிறோம் என்றே புத்தியில் ஏறவில்லை, வார்த்தையைத் தாண்டுவதிலேயே கவனம். தான் வரவில்லை என்று எழுதியிருக்கிறாள். அதை அவளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது நான்.

"நிறுத்தாதீங்க" என்றாள்.

முடித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை கொஞ்சம் நன்றாக வாசித்தேன் என்று நினைக்கிறேன்.

உள்ளே இருந்து கோ. வந்தாள். இன்னும் நாள் இருக்கு, குலசையில் காப்புக் கட்டட்டும், அம்மன் ஒரு வழி காட்டாமலா போவா, அதுவரைக்கும் அனுப்பக் கூடாது என்றாள். மதி தாளை மடித்து டிவிக்கு அடியில் வைத்தாள்.

தேங்காய் நாலில் ஒன்று அழுகல்.


செப்டம்பர் 22, திங்கள்

சங்கரன் அண்ணாச்சி வால் கொண்டுவந்தார். பக்கத்து இரும்புக் கடை. வருஷா வருஷம் காளி வேஷம் கட்டுகிறவர், விரதம் எல்லாம் கடுமை. எனக்குக் குரங்கு போதும் என்று நானே சொன்னது.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கு வேஷமே வேண்டாம் வே. வாலை மட்டும் கட்டிக்கிட்டு இப்படியே போகலாம்."

"நீரு மட்டும் என்ன, சாயம் பூசாமலே காளிதானே. கடன் கேட்டு வாறவன் எவனாவது உம்ம மூஞ்சியப் பாத்து நின்னிருக்கானா?"

கோ. சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். விரத வீடாம். மதிதான் வாலுக்குள் கம்பி வைத்துத் தைத்துக்கொடுத்தாள். ஊசி கோர்க்க நான், தைக்க அவள். வலது பக்கம் தையல் கோணல். வால் ஒருபக்கம் வளைந்து நிற்கிறது. அதுதான் அழகு என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

போகும்போது வாசலில் என்னைத் தனியே கூப்பிட்டார். "காப்புக் கட்டும்போது மனசுல ஒண்ணே ஒண்ணு கேக்கணும் வே. ரெண்டு மூணுன்னு போட்டுக் குழப்பக் கூடாது. இங்கிலீஷ் வரணும். அம்புட்டுதான். நேரா கேளும்."

சரி என்றேன்.

சாயங்காலம் பேப்பர். புலிகள் கணக்கெடுப்பு பற்றி ஒரு செய்தி. ‘களக்காடு முண்டந்துறை’ என்று ஒரே மூச்சில் வாசித்துவிட்டாள், எழுத்துக் கூட்டாமல். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் விசில் அடித்தேன். விரத வீட்டில் விசிலா என்று உள்ளே இருந்து சத்தம்.


செப்டம்பர் 23, செவ்வாய்

குலசை. கொடியேற்றம். விடிவதற்கு முன் கிளம்பி, திருச்செந்தூர் தாண்டியதும் பஸ் நகரவில்லை, மீதி நடை. மதியை வீட்டில் விட்டோம், கூட்டத்தில் வலது பக்கம் தெரியாமல் விழுந்துவிடுவாள் என்று. பக்கத்து வீட்டு அக்கா துணை.

கடலில் குளியல். உப்பு. மேளச் சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கிறது. காளி, போலீஸ்காரன், பிச்சைக்காரன், கரடி என்று ஆளாளுக்கு ஒரு வேஷம், ஒவ்வொரு வேஷத்துக்குள்ளேயும் ஒரு ஆஸ்பத்திரிக் கதை இருக்கும். ஒரு கரடி, கரடித் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேரப்பிள்ளைக்குக் கிட்னி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சன்னதியில் கோ. வாய்விட்டே கேட்டாள். "எம்பிள்ள பழையபடி படிக்கணும் தாயே. எடுத்ததத் திருப்பிக் குடு." முன்னால் பின்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் இல்லை. எனக்கு அவள் மேல் பொறாமை, அப்படிக் கேட்க முடிகிறதே என்று.

நானும் நின்றேன். கண்ணை மூடினேன். அண்ணாச்சி சொன்ன மாதிரி ஒரே ஒன்று, நேராக. மனசில் வேறு ஒன்று வந்து நின்றது. மில்லில் மாதிரி, முதல் பிடி, பழைய சரக்கு என்று ஒதுக்கினேன். திரும்ப மூடினேன். இரண்டாவது பிடியும் அதே நிறம்.

"வேண்டியாச்சுன்னா நகருங்க அண்ணாச்சி" என்று முதுகில் ஒரு கை. நகர்ந்துவிட்டேன்.

காப்புக் கட்டியாயிற்று. வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. திரும்பும்போது பஸ்ஸில் கோ. என் தோளில் சாய்ந்து தூங்கினாள், நல்ல தூக்கம். வழியெல்லாம் வாழைத் தோப்பு. அந்த வழியாகத்தான் புன்னக்காயலுக்கு மதி கூடப் போவேன், அவள் செடி பொறுக்க, நான் பை தூக்க. ஒரு தடவை முழங்கால் வரை சேற்றில் இறங்கிச் செருப்பை விட்டுவிட்டேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும்தான். அப்புறம் அந்தச் செடியின் வேர் ஏன் மேல்நோக்கி வருகிறது என்று சொல்லிக்கொடுத்தாள். மூச்சு விடவாம். அதை மட்டும் எனக்காகத் தமிழில் சொன்னாள்.

நான் வரும்போது தூங்கவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன்.


செப்டம்பர் 26, வெள்ளி

வேஷத்தில் நாலு தெரு. முகத்தில் சிவப்புச் சாயம், வெயிலில் ஒழுகுகிறது. எங்கள் தச்சநல்லூர் முழுக்க என்னைத் தெரியும், அதனால் பயப்பட ஆள் இல்லை. "மாவு மில் அண்ணாச்சி குரங்கு வந்திருக்கு, காணிக்கை போடு" என்று உள்ளே குரல் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டில் இடியாப்ப மாவு நைசாக இல்லை என்று குரங்கிடம் புகார்.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. கலைத்துவிட்டுக் கட்ட முடியாது. அப்படியே போனேன். பஸ்ஸில் கண்டக்டர் வாலுக்கு டிக்கெட் கேட்டார். மதி வாலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதே பயிற்சிப் பெண் இன்று மேடம் பக்கத்தில் நோட்டோடு நின்றது. என்னைப் பார்த்ததும் யார் என்று தெரிந்து முகம் சிவந்தது. நான் கும்பிட்டேன். இன்றைக்கு அட்டை வேண்டாம்மா என்றேன்.

மேடம் முதலில் தமிழ். ஒரு முழுப் பக்கம், மதி வாசித்தாள். இரண்டே இடத்தில்தான் நின்றாள். மேடம் முகத்தில் சந்தோஷம். அப்புறம் அந்த இங்கிலீஷ் அட்டை. போன மாதம் எப்படியோ அப்படியே. பூனை இல்லை, நாய் இல்லை. மதிக்கு வியர்த்துவிட்டது. மேடம் அட்டையைப் பையத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தார். இங்கிலீஷைக் கொஞ்ச நாள் விட்டுவைப்போம், தமிழ் நல்லா ஓடுது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம், அப்புறம் பார்ப்போம் என்றார்.

அப்புறம் என்றால் எப்போ என்று மதி கேட்கவில்லை. கவிழ்த்து வைத்த அட்டையின் வெள்ளைப் பக்கத்தையே பார்த்தாள்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்கி. நான் பக்கத்தில். போகிறவர் வருகிறவர் எல்லாம் அழுகிற பிள்ளையைப் பார்க்கவில்லை, குரங்கைப் பார்த்தார்கள். அந்த வகையில் வேஷம் உதவியது. ஒரு சின்னப்பிள்ளை வாலை இழுத்தது. இழுத்துக்கோ என்று விட்டுவிட்டேன்.

"எல்லாம் கண்ணுக்கு முன்னால நிக்கிப்பா. நான் படிச்சது, எழுதுனது எல்லாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிக்க மாதிரி."

வாயைத் திறந்தேன். வாய் நிறையச் சாயம்.


செப்டம்பர் 28, ஞாயிறு

காலையில் தூறல், தெரு நனையக்கூட இல்லை. மத்தியானம் வரை வேஷத்தில் சுற்றிவிட்டு வந்தேன். சாயத்தைக் கலைக்கவில்லை, சாயங்காலம் இன்னும் இரண்டு தெரு பாக்கி.

மதி டிவிக்கு அடியில் இருந்து தாளை எடுத்திருந்தாள். "இன்னைக்கு அனுப்பிருவோம். இன்னும் இழுத்தா அந்த இடத்துக்கு வேற ஆளு எடுக்க அவங்களுக்கும் கஷ்டம்."

கோ. சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். வெறும் மிக்ஸி. எனக்குச் சத்தத்திலேயே தெரியும், உள்ளே ஒன்றும் இல்லாமல் ஓடுகிறது.

தாளை நான் வாசித்துக் கொடுக்க, அவள் திருத்திச் சொல்லி, போனுக்குச் சொன்னாள். போன் எழுதியது. அது எழுதினதை நான் திரும்ப வாசித்தேன். சாரி வருகிற இடத்தில் இந்தத் தடவை நிற்கவில்லை. போனே வாசித்துக் காட்டுமே, அதைக் கேட்டால் என்ன என்று கேட்டேன். நீங்க வாசிங்க என்றாள்.

அனுப்புகிற இடம் அவளுக்கு இப்போதும் தெரிகிறது. எழுத்து இல்லை, அம்பு மாதிரி படம். காட்டினாள். அவள் அழுத்தவில்லை. நான் அழுத்தினேன். போன் மேல் விரல் சிவப்பு. துடைத்துக் கொடுத்தேன்.

மிக்ஸி நின்றது.

இன்றைக்குப் பேப்பர் வேண்டாம்மா என்றேன். அவள் எடுத்துவிட்டாள். நீல நாற்காலி. நான் வாலைச் சுருட்டிக் கீழே உட்கார்ந்தேன், வேஷத்தோடு நாற்காலியில் உட்கார முடியாது, கம்பி குத்தும். மலையில் மழை, பாபநாசம் அணைக்கு நீர்வரத்து என்று ஒரு செய்தி. நன்றாக வாசித்தாள். முன்னைக்கு இப்போது வேகம். நடுவில் நிறுத்திவிட்டு, பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்பா, குலசையில நீங்க என்ன கேட்டீங்க?"

"உனக்குப் போனது எல்லாம் திரும்ப வரணும்னு கேட்டேன். வேற என்னத்தக் கேப்பேன்."

"தரலியே."

"பைய தருவா."

சரி என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, விட்ட வரியை விரலால் தேடிப் பிடித்து மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தாள்.

சொல்லாதது: நான் அதைக் கேட்கவே இல்லை தாயி. கண்ணை மூடி நின்ற நேரம் முழுக்க எனக்குக் கேட்டது, இந்த நாற்காலியில் இருந்து நீ பேப்பர் வாசிக்கிற சத்தம். அம்மனிடம் இது போதும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.